காற்றில் சுற்றாத ரீல்

கடலோர ஊர் ஒன்றில் தூண்டில் சாமான் கடை இருந்தது. அதன் கண்ணாடி அலமாரியில், தூண்டில் நரம்பைச் சுற்றி இழுக்கும் ரீல்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கரையில் நின்று அலைக்கு அப்பால் தூண்டில் வீசுகிறவர்கள் அங்கேதான் வாங்குவார்கள். வாங்குமுன் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள்: கைப்பிடியை விரலால் சுண்டிவிடுவார்கள். எது நிற்காமல் சுற்றுகிறதோ அது நல்ல ரீல். அவ்வளவுதான் பரீட்சை.

வெள்ளி ரீலைச் சுண்டினால் பம்பரம்தான். கறுப்பு ரீலோ அரைச் சுற்றில் நின்றுவிடும். உப்பும் மணலும் உள்ளே நுழையாதபடி அதன் மூட்டுகளை ரப்பர் வளையங்கள் இறுகப் பிடித்திருந்தன.

"கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்தா என்னடி, தேய்ஞ்சா போயிடுவ?" என்றது வெள்ளி ரீல்.

"ஆமா, தேய்ஞ்சுதான் போவேன். மீன் பிடிக்கிறது கடல்லயா, கடை மேசையிலயா? காத்துல சுத்தணும்னா விசிறி வாங்கிட்டுப் போகட்டும்."

"இந்த வாய்தான் உன்னை இங்கேயே உட்கார வச்சிருக்கு."

அது சுருக்கென்றது. கறுப்பு ரீலுக்கும் ஆசை இல்லாமலா? ஒரு பெரிய பாறை மீனையாவது இழுத்துக் கரைசேர்க்க வேண்டும் என்று அது ஏங்கிக் கிடந்தது.

ஒருநாள் லூர்து என்பவர் வந்து அதைச் சுண்டினார். "என்ன அண்ணாச்சி, இது முறுக்கிக்கிட்டு நிக்குது?"

"இரு தம்பி, சரி பண்ணித் தாரேன்" என்று கடைக்காரர் சூசை திருப்புளியை எடுத்தார்.

"ஐயோ, அது கோளாறு இல்லை, என் காவல்!" என்று கத்தியது கறுப்பு ரீல். ரீலின் பேச்சு மனிதர் காதில் எங்கே விழுகிறது? வளையங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மேசையில் விழுந்தன.

லூர்து மறுபடி சுண்டினார். சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"இப்பத்தான் லட்சணமா இருக்கு!"

அலமாரியே ஆரவாரித்தது. வெட்கக்கேடு, அந்தப் பாராட்டு கறுப்பு ரீலுக்கும் ஒரு கணம் இனித்தது.

லூர்து அதை வாங்கிக் கடற்கரைக்குக் கொண்டுபோனார். முதல் அலையிலேயே உப்பு உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. பின்னாலேயே மணலும் வந்தது.

"வெளியே போ!" என்றது ரீல்.

"என்கிட்ட ஏன் பாயுற?" என்றது உப்பு. "கடல்னா நான் இருக்கத்தான் செய்வேன். கதவைக் கழற்றினவங்களைப் போய்க் கேளு."

சில வாரங்களில் பல்சக்கரங்கள் கரகரக்கத் தொடங்கின. ஒரு விடியலில் பெரிய பாறை மீன் மாட்டியது. கறுப்பு ரீல் உயிரைக் கொடுத்து இழுத்தது. மீனின் முதுகு அலைக்குள் மின்னியது. அப்போது பல்சக்கரம் இறுகி நின்றது. தூண்டில் நரம்பு அறுந்தது. மீன் போயே போய்விட்டது.

லூர்து ரீலைக் கடை மேசையில் தொப்பென்று போட்டார். "கொஞ்ச நாள்கூட உழைக்கலியே அண்ணாச்சி?"

"இந்தக் காலத்துச் சாமான் அப்படித்தான் தம்பி. எதுக்கும் உறுதி கிடையாது."

உப்பு அடைத்த தொண்டையோடு கறுப்பு ரீல் சொன்னது: "உறுதியாத்தான் இருந்தேன். அதுதானே உங்களுக்குப் பிடிக்கலை."