பொன்னுரங்கத்தின் நீலக் கேபிள்

கோயம்புத்தூரில் பொன்னுரங்கம் என்று ஒரு மில் முதலாளி இருந்தார். ஒரு கார் வாங்குகிற காசைக் கொடுத்து, வீட்டு ஸ்பீக்கருக்கு வெளிநாட்டிலிருந்து நீலக் கேபிள் ஒன்றை வரவழைத்திருந்தார்.

ஒருநாள் வேலைக்காரி மயிலாத்தாள் தரை துடைக்கையில் அதன்மேல் தண்ணீர் பட்டுவிட்டது. பாட்டைப் போட்டுப் பார்த்த பொன்னுரங்கம் முகத்தைச் சுளித்தார்.

"பாடறவருக்குத் தொண்டை கட்டுன மாதிரி இருக்குது. சாயங்காலம் சிநேகிதர்கள் வர்றதுக்குள்ள பழைய சத்தம் வரலைன்னா, நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்."

மயிலாத்தாளுக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. அதைச் சொன்னால் வேலை அப்போதே போய்விடும். "சரிங்க" என்றாள். அவர் மில்லுக்குக் கிளம்பியதும் கேபிளைக் கழற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

சாயங்காலம் பாட்டு ஓடியது. பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டீங்களா? மூச்சு இழுக்கறதுகூடத் தெளிவா விழுகுது. எல்லாம் கேபிள் பண்ற வேலை." சிநேகிதர்கள் தலையாட்டினார்கள். பொன்னுரங்கம் மயிலாத்தாளிடம் கேட்டார்: "ஏம்புள்ள, அதை என்ன பண்ணினே?"

"காயப்போட்டேனுங்க."

"நல்லாக் காஞ்சுதா?"

"இன்னும் காயலைங்க. கொடியில கிடக்குது. இங்க மாட்டியிருக்கறது ஸ்பீக்கரோட வந்த பழைய ஒயருங்க."

சிநேகிதர் ஒருவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். இரண்டு பனியன்களுக்கு நடுவே நீலக் கேபிள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வந்து காபியை எடுத்துக் குடித்தார்.

"காஞ்சதும் எடுத்து மாட்டட்டுங்களா?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

பொன்னுரங்கம் கண்ணைத் திறக்கவில்லை.

"அவசரமில்லை. நாளைக்கு வேலைக்கு வர்றப்ப எடுத்துக்கலாம்."