சிங்காரி சொன்ன கடைசிச் சொல்

அந்தக் காலத்தில் ஆடு மாட்டுக்குப் பேசும் வாய் இருந்ததுபோல, பாட்டுக் குறுந்தட்டுக்கும் வாய் இருந்தது. நடுவில் ஓட்டை இருக்கிறதே, அதுதான் வாய். நம்பாதவர்கள் வீட்டில் கிடக்கும் பழைய சிடியை எடுத்துப் பாருங்கள். ஆவென்று திறந்தபடியேதான் இருக்கும்.

அந்தத் தட்டுகளில் ஒருத்தி சிங்காரி. மற்ற தட்டுகளின் வயிற்றில் பத்துப் பாட்டு, பன்னிரண்டு பாட்டு என்று இருக்கும். இவள் வயிற்றில் ஒன்றே ஒன்று, அதுவும் நாலு நிமிஷப் பாட்டு. ஆட்டக்காரி அஞ்சலத்தின் காலில் சூடு ஏறுவதற்குள் முடிந்துபோகும். மறுபடி போட்டால் அதே பாட்டு, அதே இடத்தில் அதே இழுப்பு. மூன்றாம் தடவை போட்டால் கூட்டம் சுண்டல் வாங்கப் போய்விடும்.

"ஒத்தப் பாட்ட வச்சுக்கிட்டு உனக்கு எதுக்குடி இவ்ளோ பளபளப்பு?" என்று ஒரு பெரிய தட்டு எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டது.

சிங்காரி ரோஷக்காரி. மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ஆளில்லை. விறுவிறுவென்று உருண்டு போய் மரங்கொத்தியின் முன்னால் நின்றாள்.

"அண்ணே, என் பாட்ட வெட்டு."

மரங்கொத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெத்த புள்ளய யாராச்சும் வெட்டக் குடுப்பாங்களாம்மா?"

"சாகறதுக்கா குடுக்கறேன்? வளர்றதுக்குக் குடுக்கறேன். வெட்டு, ஒட்டு, நடுவுல உன் கொத்தச் சேத்து விடு. நான் பாத்துக்கறேன்."

மரங்கொத்தி வெட்டியது. இரண்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டு, அடியில் டக்குடக்கென்று தன் கொத்தை ஓடவிட்டது. நாலு நிமிஷப் பாட்டு ஒன்பது நிமிஷம் ஆனது. அதைக் கேட்ட தவளை, "எனக்கும் குடு" என்று வாங்கி, வயிற்றிலிருந்து தொம் தொம்மென்று ஓர் அடியைப் போட்டது. குயிலுக்கு அவசரம் பிடிக்காது. அது பாட்டை நிதானமாக இழுத்து, அழுகிற பாட்டாகவே ஆக்கிவிட்டது. இப்படி ஆளுக்கு ஒரு கை வைத்ததில் ஒரே பாட்டுக்கு ஏழு உடுப்பு. ஏழையும் வயிற்றில் போட்டுக்கொண்டு சிங்காரி ஆட்டக்களத்துக்குத் திரும்பினாள்.

அன்றைக்கு அஞ்சலம் ஒரு மணி நேரம் நிற்காமல் ஆடினாள். கூட்டத்தில் ஒருவன் திடீரென்று, "அட, இது அந்த நாலு நிமிஷப் பாட்டுடா!" என்று கத்தினான். அவ்வளவுதான், விசில் பறந்தது! சுண்டல்காரரே கடையை விட்டுவிட்டு ஆட வந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கேலி பேசிய பெரிய தட்டு மறுநாள் மரங்கொத்தி வீட்டு வாசலில் வரிசையில் நின்றது. எந்த வாரம் எந்தத் தட்டு முதல் இடம் என்று எழுதி வைக்கும் பலகை ஒன்று ஊரில் இருந்தது. அதில் பதினொரு வாரம் சிங்காரிதான் முதலில் நின்றாள்.

ஏற்றம் இருந்தால் இறக்கமும் உண்டு என்பார்கள். சிங்காரிக்கும் அப்படித்தான் ஆனது. பலகையை எழுதுகிற ஆந்தை ஒருநாள் கண்ணை உருட்டிக்கொண்டு வந்து, "ஒரு பாட்டுக்கு இத்தனை உடுப்பு இருந்தா எதன்னு நான் எழுதறது? இனிமே ஒரு தட்டுல மூணுதான். மிச்சத்தச் சுரண்டிப் போடணும். மீறினா நாக்கப் பிடுங்கிடுவேன்" என்றது. அதே நேரத்தில் காற்றும் பாட்டுத் தூக்கப் பழகிவிட்டது. "தட்டு எதுக்கு? நானே வீடு வீடாக் கொண்டுபோறேன். ஆனா ஒரு பாட்டுக்கு ஒண்ணுதான் தூக்குவேன்" என்றது. ஒவ்வொரு தட்டாகத் தன் வயிற்றைச் சுரண்டிக்கொண்டது. தவளையின் தொம்மும் குயிலின் இழுப்பும் தூளாகக் கொட்டின.

சிங்காரி மட்டும் அசையவில்லை. "ஏழும் எம் புள்ளைங்க. எதச் சுரண்டச் சொல்ற? ஒண்ணும் முடியாது, போ!"

ஆந்தை ஆட்டக்களத்துக்கே வந்துவிட்டது, கையில் குறடோடு.

அஞ்சலம் ஓடி வந்து சிங்காரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ போயிட்டா நாங்க என்னடி பண்ணுவோம்? மறுபடியும் நாலு நிமிஷந்தானா? என் காலு செத்துடும்டி!"

ஆந்தை நாக்கைப் பிடித்துவிட்டது. இழுக்கிற அந்த நொடியில், இருக்கிற உயிரையெல்லாம் சேர்த்து சிங்காரி ஒரே ஒரு சொல் சொன்னாள்:

"தட்டு!"

அதோடு நாக்குப் போனது. பாட்டும் நின்றது.

கூட்டம் முழித்தது. "பாவம், தன் பேரச் சொல்லிட்டுப் போறா" என்றார்கள் சிலர். சுண்டல்காரர் இருக்கிறாரே, அவர் இன்னும் ஒரு படி மேலே போய், பசியில் கேட்கிறாள் என்று நினைத்து ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார்! அஞ்சலத்துக்கு வந்த கோபத்தில் அதை ஓங்கி ஓர் அறை அறைந்தாள்.

டங்!

அவள் கை அப்படியே நின்றது. இன்னொரு தடவை அடித்தாள். பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினாள்: "அடப் பாவிங்களா, அவ தன் பேரச் சொல்லலடா! நம்மளத் தட்டச் சொல்லிட்டுப் போயிருக்கா! தட்டுங்கடா!"

தட்டினார்கள். ஒருவன் தகர டப்பாவில் மரங்கொத்தியின் அடியைப் பிடித்தான். இன்னொருத்தி குடத்தில் தவளையின் தொம்மைப் போட்டாள். பெஞ்சில், கதவில், தொடையில், நின்றிருந்த பஸ்ஸின் பக்கத் தகரத்தில் என்று கைக்குக் கை ஒரு புது அடி கிளம்பியது. ஏழு உடுப்பு எழுபதாகி, எழுபது எழுநூறானது. அஞ்சலம் ஆடினாள் பாருங்கள், அப்படி ஓர் ஆட்டத்தை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆந்தை எண்ணிப் பார்க்க முயன்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, கடைசியில் குறடைப் போட்டுவிட்டுப் பறந்தே போனது. இத்தனை கையிலும் எந்த நாக்கைத் தேடிப் பிடுங்குவது?

பாட்டு இருக்கும் பொருளுக்குத் தட்டு என்று முன்பே பெயர்; அன்று முதல்தான் பாட்டை உண்டாக்கும் வேலைக்கும் தட்டு என்றே பெயர். ஒரு பாட்டு பிடித்துவிட்டால், பெஞ்சு கிடைத்தாலும் சரி, பஸ் தகரம் கிடைத்தாலும் சரி, அதை வேறொரு பாட்டாக ஆக்காமல் நம் கை இன்றுவரை ஓய்வதில்லை.