மாப்பிள்ளை இலையில் மூளி முட்டை

முன்னொரு காலத்தில், மாப்பிள்ளைகள் இப்போது முறுக்கிக்கொள்வதைவிட இன்னும் கொஞ்சம் அதிகமாக முறுக்கிக்கொண்ட காலத்தில், சோலையப்பன் என்று ஓர் உப்பு வணிகன் இருந்தான். நல்லவன்தான். என்ன செய்வது, மூக்குக்கு மேல் கோபம்.

கல்யாணம் ஆன கையோடு, மனைவி வடிவைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்கு மூன்று நாள் விருந்துக்குப் போனான். வண்டி ஓட்டிக்கொண்டு போனவன் பேச்சிமுத்து. மாமியார் அங்கம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. இருப்பது ஒரே மகள், வந்திருப்பது ஒரே மாப்பிள்ளை.

முதல் நாள், முந்தின நாள் இட்ட முட்டையாகப் பார்த்து எடுத்து வேகவைத்தாள். உரித்தால் ஓடு வரமாட்டேன் என்றது. வந்தபோது வெள்ளையையும் பிய்த்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை இலையில் விழுந்த முட்டை, எலி கடித்தது போல இருந்தது. பந்திக் கடைசியில் உட்கார்ந்த பேச்சிமுத்துவின் இலையிலோ வழுவழுவென்று இரண்டு முட்டை. சோலையப்பன் அதைப் பார்த்தான். குழம்பில் உப்புக் குறைவு என்று மட்டும் சொன்னான். உப்பு சரியாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள், ‘நேற்றைய முட்டை பழசு போலிருக்கிறது’ என்று அங்கம்மாள் தன்னையே நொந்துகொண்டு, அன்று காலை இட்டதை எடுத்தாள். உரித்தால் இன்னும் மோசம். பேச்சிமுத்துவுக்கு மறுபடியும் வழுவழு.

மூன்றாம் நாள் அந்த அம்மாள் விடியற்காலையிலேயே கோழிக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டாள். கோழிக்கே வெட்கமாகப் போயிருக்கும். முட்டை விழுந்த சூட்டோடு எடுத்து வந்து வேகவைத்தாள். உரித்து முடித்தபோது முட்டையில் பாதிதான் மிச்சம். பேச்சிமுத்துவுக்கோ, கேட்கவே வேண்டாம்.

சோலையப்பன் இலையை விட்டு எழுந்துவிட்டான்.

“வண்டிக்காரனுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை. நான் கிளம்புறேன். உங்க பொண்ணை நீங்களே வச்சுக்கோங்க, அத்தை.”

சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் விருந்துக்கு வந்த மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டுப் போனால், திரும்ப வருவானா மாட்டானா என்று யாருக்கும் தெரியாது. முட்டை ஓட்டில் தொடங்கி மகள் வாழ்க்கையே போகப் பார்த்தது. அங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வடிவு அழவில்லை.

“போறதுன்னா போங்க. வழியில பசிக்கும். நாலு முட்டை உரிச்சுக் கட்டித் தரவா?” என்றாள்.

“நீங்க உரிக்கிற லட்சணத்தைத்தான் மூணு நாளா பார்த்தேனே.”

“அப்ப நீங்களே உரிச்சுக்கோங்க. உங்க கையாவது சுத்தமா உரிக்குதான்னு பார்ப்போம்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை அடுப்படிக்குள் போனான். வடிவு அன்று மற்றக் கோழிகள் இட்ட முட்டை மூன்றையும், பேச்சிமுத்துவுக்கு எடுத்த கூடையிலிருந்து மூன்றையும் ஒரே பானையில் வேகவைத்தாள். ஒரே பச்சைத் தண்ணீரில் ஆறவைத்து, இரண்டு தட்டில் தனித்தனியாக வைத்தாள்.

அன்றைய முட்டையில் ஒன்றை உரித்தான். எலி கடித்தது. இரண்டாவதை நகத்தால் மெல்ல மெல்ல உரித்தான். பூனை கடித்தது. மூன்றாவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தான். மஞ்சள் கரு எட்டிப் பார்த்து அவனை விசாரித்தது.

அடுத்து, வண்டிக்காரனுக்கான கூடையிலிருந்து வந்த முட்டைகளைத் தொட்டான். மூன்றும் சட்டையைக் கழற்றுவது போல ஓட்டைக் கழற்றிவிட்டு வழுவழுவென்று வந்து நின்றன.

சோலையப்பன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது யார் மேல் கோபப்படுவது?

“அத்தை, இந்தக் கூடையில் அப்படி என்ன விசேஷம்?” என்றான்.

அங்கம்மாளுக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

“விசேஷம் எங்கே மாப்பிள்ளை? அது பன்னிரண்டு நாள் பழசு. தவிட்டுல போட்டு வச்சது. வீட்டுல நாங்க திங்கிறது. அதை உங்க இலையில வைக்க எனக்கு மனசு வரல. அதான் உங்களுக்குக் கோழிகிட்டயே காத்துக் கிடந்து எடுத்தேன்.”

முட்டை புதிதாக இருந்தால் ஓடு ஒட்டிக்கொள்ளும், நாள்பட்டால் கழன்று வரும். இது அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. பாசம் கூடக் கூட முட்டை மூளியாகிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

சோலையப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. “பேச்சி, வண்டி மாட்டை அவிழ்த்து விடு, நாம கிளம்பலை” என்று வாசலைப் பார்த்துக் கத்தினான். வழுவழு முட்டை மூன்றையும் பேச்சிமுத்துவுக்கே கொடுத்தனுப்பினான். மூளி முட்டை மூன்றையும் அடுப்படியிலேயே உட்கார்ந்து தின்றான். வடிவு ஒரு துண்டு கேட்டாள். கொடுக்கவில்லை.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் பட்ட குறைக்காகக் கோபப்படுவதற்கு முன்னால், அதைச் செய்தவர் மனதில் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.