மேசைக்கு வேர் தேடிய மொத்தா

“ஒரே ஒரு சொல்தான் பாக்கி, லெப்பை. அது என்னைப் பாடாய்ப் படுத்துது,” என்றார் தூத்துக்குடி இஞ்ஞாசி மொத்தா.

காயல்பட்டினத்து நூஹு லெப்பை விசிறியைக் கீழே வைத்தார்.

“என்ன சொல்?”

“மேசை.”

கப்பலேறி வந்து தமிழில் குடியேறிய சொற்களுக்கெல்லாம் மொத்தா அகராதி எழுதிக்கொண்டிருந்தார். சொல்லுக்கு ஒரு அட்டை. அட்டைகளின் கனத்தில் அவர் வீடு கிழக்கே ஒரு சாண் சாய்ந்துவிட்டது. அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

லெப்பையைவிட அவர் பத்து வயது மூத்தவர். ஆனால் கேள்வி அவரிடம் இருந்தது. அதனால் சீடர் அவரே.

“போர்த்துக்கல்காரன் மேசாங்கிறான். ஸ்பெயின்காரனும் மேசாங்கிறான். அவனுக்கு உச்சி தட்டையான குன்றும் மேசாதான். இத்தாலிக்காரனுக்கு மென்சான்னா பலர் கூடிச் சாப்பிடுற கூடம். எல்லாத்துக்கும் தாய், லத்தீன் மென்சா.”

“தாய் கிடைச்சாச்சே. அப்புறம் என்ன?”

“தாய்க்குத் தாய் யாருன்னுதான் சண்டை. அளந்து வெட்டின பலகைங்கிறது ஒரு கட்சி. சாமிக்குப் படையல் வச்ச தட்டை ரொட்டிங்கிறது இன்னொரு கட்சி.”

“எதுவா இருந்தா உமக்கென்ன?”

“சொல் முடிஞ்சா அகராதி முடியும். அகராதி முடிஞ்சா மேசை காலியாகும். மேசை காலியானாத்தான் பெர்னதத் வருவா.”

பெர்னதத் அவர் மனைவி. ஒன்பது வருடம் அடுப்படித் தரையில், தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தாள். போன மாதம் மணப்பாட்டில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடம் வந்தால் சொல்லி அனுப்பும்படி சொல்லிவிட்டுத்தான் போனாள்.

லெப்பை எழுந்து சட்டையை மாட்டினார்.

“எங்க அண்ணன் வீட்டுல கல்யாணம். வாரும் ஓய், சாப்பிடுவோம்.”

“என் கேள்வி?”

“அதுவும் வரட்டும். சோறு நிறைய ஆக்கியிருக்காங்க.”

பந்தலில் மேசை இல்லை. பாய்தான். மூன்று பேருக்கு ஒரு சகன். சகன் என்றால் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரே தட்டு. நெய்ச்சோறு குவித்து, மேலே கறி.

லெப்பை உட்கார்ந்தார். மொத்தா உட்கார்ந்தார். மூன்றாவதாகக் கலீல், கப்பல் வேலையிலிருந்து விடுப்பில் வந்தவன். மூத்தவர்களையெல்லாம் காக்கா என்பான்; அந்த ஊரில் அண்ணனுக்கு அதுதான் பெயர்.

ஒரு சகனில் உட்கார்ந்தவர்கள் ஒன்றாகத்தான் எழ வேண்டும். ஒருவர் முடிக்கவில்லையென்றால் மற்ற இருவரும் எச்சில் கையோடு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே அது மரியாதை.

நாலு கவளம் போனதும் மொத்தா கேட்டார்.

“தம்பி, நீங்க போன ஊர்ல எல்லாம் மேசைக்கு என்ன சொல்றாங்க?”

“ருமேனியாவுல ‘மாஸ’ன்னு சொல்றாங்க காக்கா. மேசைக்கும் அதுதான். சாப்பாட்டுக்கும் அதுதான்.”

வாய்க்குப் போன கவளம் பாதி வழியில் நின்றது.

மொத்தாவின் இடக்கை சட்டைப்பையிலிருந்து அட்டையையும் பேனாவையும் எடுத்தது. ஒன்பது வருடத்தில் அந்தக் கையும் எழுதக் கற்றிருந்தது.

எழுதினார். அட்டையைத் திருப்பினார். பின்பக்கமும் எழுதினார். இன்னொரு அட்டை எடுத்தார்.

லெப்பையும் கலீலும் முடித்துவிட்டார்கள்.

பக்கத்துச் சகன் எழுந்தது. எதிர் வரிசை எழுந்தது. அடுத்த பந்திக்காரர்கள் பந்தல் ஓரமாக வந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் வாப்பா வந்து ஒரு முறை செருமினார். மாப்பிள்ளை ஊர்வலம் கடற்கரை வரை போய், கால் நனைத்து, திரும்பியும் வந்துவிட்டது.

கலீலின் விரல்களில் நெய் வெள்ளையாக உறைந்தது.

“லெப்பை காக்கா, இவங்க எப்ப எந்திரிப்பாங்க?” என்று காதோரம் கேட்டான்.

“எழுதுறாங்க தம்பி.”

“எவ்வளவு நேரம் எழுதுவாங்க?”

“எனக்கென்ன தெரியும்? இவங்க வீட்டுக்காரம்மா ஒன்பது வருஷம் உட்கார்ந்து பார்த்தாங்க.”

பேனா நின்றது.

மொத்தா நிமிர்ந்தார். கலீலின் கையைப் பார்த்தார். லெப்பையின் கையைப் பார்த்தார். பந்தல் ஓரத்தில் நின்ற அத்தனை முகங்களையும் பார்த்தார்.

“லெப்பை, மணப்பாட்டுக்கு இப்ப பஸ் இருக்குமா?”

“இருக்கும் ஓய். கையில இருக்கிற சோத்தை முதல்ல சாப்பிடும். நாங்க எந்திரிக்கணும்.”