கழுவாத கால்

பெலிஸ் நாட்டின் வடக்கே, நவீன வசதிகளை ஒதுக்கிய மெனோனைட் கிறிஸ்தவர்கள் பண்ணை வைத்து வாழும் ஊருக்குப் பக்கத்தில் ஒரு காயல் உண்டு. அலை கிடையாது. சத்தம் கிடையாது. முதலை உண்டு என்பார்கள், பார்த்தவர் கிடையாது.

அந்தச் சபையில் போதகரைப் படிப்பு பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை, சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அப்படி மாட்டிக்கொண்டவர் ஐசக் பென்னர். அடுத்த சீட்டில் மாட்டியவர் கொர்னீலியஸ் வீபே. இவர் பென்னரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். சீடருக்குக் குருவைவிட நாலு வயது கூட. இருவருக்கும் தொழில் மாடு.

சனிக்கிழமை மதியம் வீபே, குருவைக் காயலுக்கு அழைத்துப் போனார். மறுநாள் திருவிருந்து. அப்பம் பிட்டபின் பக்கத்தில் இருப்பவரின் பாதத்தை ஒவ்வொருவரும் கழுவுவது சபை வழக்கம். வயது வரிசையில்தான் உட்காருவார்கள். ஆகவே வீபேக்குப் பக்கத்தில் எப்போதும் அவருடைய அண்ணன் ஆப்ராம்.

கரையில் குதிரை வண்டி புதைந்தது. ரப்பர் சக்கரம் சபைக்கு ஆகாது; இரும்புச் சக்கரம் சேற்றுக்கு ஆகாது. இருவரும் காலணியைக் கழற்றிவிட்டு, முழங்கால் சேற்றில் நின்று தள்ளினார்கள். குதிரை வேடிக்கை பார்த்தது. ஒருவழியாக வண்டி ஏறியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"நாளைக்கு நான் வரவில்லை" என்றார் வீபே.

"திருவிருந்துக்கு வராத போதகரைச் சபை வைத்துக்கொள்ளாது."

"தெரியும்."

வீபே காயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் ரேடியோ வைத்திருந்ததைச் சபையில் சொன்னது அண்ணன்தான். ஒரு வருஷம் என்னை விலக்கி வைத்தார்கள். என் மேசையில் யாரும் சாப்பிடவில்லை. அந்த வருஷம்தான் என் மனைவி போனாள். அடக்கத்துக்கு அண்ணன் வந்தார். என் வீட்டில் ஒரு வாய் காபி குடிக்கவில்லை."

"அவரிடம் சொன்னீர்களா?"

"எதை?"

"காபியை."

"எப்படிச் சொல்வது? கால் கழுவுகிறேன். அவரும் கழுவுகிறார். முத்தமிட்டுச் சமாதானம் சொல்கிறோம். வீட்டுக்கு வந்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. வெறுத்து வெறுத்தே அலுத்துவிட்டது, போதகரே. மன்னித்த மாதிரி இருப்பது அதைவிட அலுப்பு."

பென்னர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குதிரைக்குத் தண்ணீர் காட்டும் வாளியில் காயல் நீரை மொண்டு வந்து, வீபேயின் முன்னால் மண்டியிட்டார்.

"காலை நீட்டுங்கள்."

வீபே காலை இழுத்துக்கொண்டார். "ஐயோ, ஒரே சேறு! இருங்கள், கழுவிவிட்டு வந்து நீட்டுகிறேன்."

பென்னர் வாளியைக் கீழே வைத்தார். "திருவிருந்துக்கு எப்படி வருவீர்கள்?"

"எல்லாரும் வருகிற மாதிரிதான். வீட்டிலேயே வெந்நீரில் தேய்த்துக் கழுவி, சலவைக் காலுறை போட்டுக்கொண்டு வருவேன்."

"உங்கள் அண்ணன்?"

"குனிந்தால் சோப்பு வாசனை அடிக்கும்."

சொன்ன பிறகு வீபே தன் காலைப் பார்த்தார். நகம்கூடத் தெரியவில்லை. காயலில் ஒரு கொக்கு எழும்பி, அதே இடத்தில் திரும்ப உட்கார்ந்தது. அதற்கும் அலுப்பு போல.

வீபே வலது காலை நீட்டினார். பென்னர் விரல் விரலாகக் கழுவினார். வாளி நீர் கறுத்தது. வீபேக்கு வெட்கமாக இருந்தது, பிறகு அழுகை வந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

பென்னர் நீரைக் கொட்டிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

"போதகரே, இன்னொரு கால்?"

"அது உங்கள் அண்ணன் கழுவ வேண்டியது."

"இந்தச் சேற்றோடா? முகம் சுளிப்பாரே!"

"சுளிக்கட்டும். இத்தனை வருஷத்தில் நாளைக்குத்தான் அவருக்கு வேலை."