சவரிமுத்துவின் மடக்குக் கத்தி

"உண்மையைச் சொன்னது தப்பாம்மா?"

செருப்பைக் கழற்றுவதற்குள் அருணகிரி கேட்டுவிட்டார்.

அம்மா புளி ஆய்ந்துகொண்டிருந்தார். சிறுமலை அடிவாரத்தில் ஓடு வேய்ந்த சின்ன மடம் அம்மாவுடையது. ஊருக்கே அவர் அம்மாதான், வயதில் அருணகிரியைவிடப் பத்தாவது இளையவர். ஆனாலும் மனசு கனத்தால் அருணகிரிக்குப் போக்கிடம் அதுதான்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"சவரிமுத்துகிட்ட."

அருணகிரியும் சவரிமுத்துவும் திண்டுக்கல்லில் ஒரே பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். இருவருக்கும் மடக்குக் கத்திப் பைத்தியம். ஊரில் இதே பைத்தியம் பிடித்தவர்கள் இன்னும் சிலர் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடுவார்கள். துண்டை விரித்து அவரவர் கத்தியை வைப்பார்கள். யார் அலகு கூர், யார் பிடி அழகு, திறக்கும்போது எது சுத்தமாக 'டக்' என்கிறது என்று சோற்று வேளை வரைக்கும் பேச்சு ஓடும். பெற்ற பிள்ளையின் முகத்தைக்கூட அவர்கள் அவ்வளவு பதமாகத் துடைத்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். அடுத்தவர் கத்தியைத் தொடக் கூடாது. கை வியர்வை பட்டால் அலகு கறுத்துப் போகும். சொந்தக்காரர் திறந்து காட்டுவார், மற்றவர்கள் கண்ணால் பார்க்கலாம்.

"என்ன சொன்னீங்க?"

"போன தடவை அவன் கொம்புப் பிடிக் கத்தியைத் திறந்து காகிதம் அறுத்துக் காட்டினான். அலகு ஆடுச்சும்மா. காகிதம் அறுபடாம கிழிஞ்சு போச்சு. அலகைப் பிடிச்சிருக்கிற ஆணி தேஞ்சிருக்கு. பூட்டுக்கும் கத்திக்கும் ஆணி ஒண்ணுதானே, எனக்குத் தெரியாதா?"

"அதைத்தான் சொன்னீங்களா?"

அருணகிரி தயங்கினார்.

"ஆடுற பல்லுடா இது, பிடுங்கிப் போடுன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"அவரு?"

"அவனும்தான் சிரிச்சான். மடக்கிப் பையில போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அப்புறம் போனும் இல்ல, ஆளும் இல்ல. இன்னிக்குக் காலையில அவன் மக வந்து இதைக் குடுத்துட்டுப் போகுது."

செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைத் தரையில் வைத்தார்.

"இனிமே கூட்டத்துக்கு வரமாட்டானாம். கத்தியை என்னையே வச்சுக்கச் சொன்னானாம். ஒரு குறை சொன்னதுக்கு இம்புட்டு ரோஷமா? நானும் முடிவு பண்ணிட்டேன், அவன் வாசப்படி மிதிக்கிறதில்லைன்னு."

வாய்தான் அப்படிச் சொன்னது. காலையிலிருந்து அவருக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. இந்த வயதுக்கு மேல் இன்னொரு சவரிமுத்துவுக்கு எங்கே போவது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தார்.

"நீங்க ஒரு பார்வை பாருங்கம்மா. ஆடுதுன்னா ஆடுதுன்னு சொல்லிருங்க. எனக்கு அது போதும்."

அம்மா ஒரு புளியங்கொட்டையைச் சுளகின் ஓரத்தில் ஒதுக்கினார்.

"எனக்குக் கத்தியைப் பத்தி என்ன தெரியும்? நீங்களே திறங்க."

"நான் எப்படிம்மா? அடுத்தவன் கத்தி."

"உங்களுக்குத்தான் குடுத்துட்டாரே."

அதுவும் சரிதான். அருணகிரி துண்டில் கையைத் துடைத்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். இத்தனை வருஷமாகப் பார்த்த கத்தியை அன்றுதான் முதல்முதலாகக் கையில் எடுத்தார்.

திறந்தார். 'டக்' என்றது.

கட்டைவிரலால் அலகை இந்தப் பக்கம் தள்ளினார். அந்தப் பக்கம் தள்ளினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அலகின் முதுகை உள்ளங்கையில் தட்டினார். செய்தித்தாளின் ஓரத்தில் வைத்து இழுத்தார். காகிதம் நூல் பிரிவதுபோல் பிரிந்து வந்தது.

"ஆடலையே" என்றார்.

"ஆணியை முடுக்கியிருப்பாரோ?"

அருணகிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆணியைப் பார்த்தார்.

"இல்லம்மா. சுத்தியல் பட்ட தடம் இல்ல. பித்தளையில பழைய களிம்பு அப்படியே இருக்கு. இதை யாரும் தொடல."

"அப்ப அன்னிக்கு ஆடினது எது?"

அம்மா மறுபடி புளியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அருணகிரிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கண்முன் வந்தது. அன்றைக்குச் சவரிமுத்துவின் டீ தொடாமலே ஆறிப்போனது. கோபத்தில் குடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் டீ வந்தது இவர் கிண்டல் செய்வதற்கு முன்னால். பொத்தான் சட்டை தவிர வேறு போடாத மனுஷன், கொஞ்ச நாளாகத் தலைவழி மாட்டும் பனியன் சட்டையில் வருகிறார். "என்னடா, வயசு திரும்புதா?" என்று அதற்கும் இவர்தான் கேலி பேசினார். பேசும்போதெல்லாம் சவரிமுத்து வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அதையும் அருணகிரி பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி கத்தியைப் பார்க்கப் போய்விட்டார்.

"அவன் கை" என்றார் அருணகிரி.

அம்மா கையிலிருந்த புளியைச் சுளகில் போட்டார்.

"கை நடுங்குதும்மா அவனுக்கு. பிடுங்கிப் போடுன்னு சொன்னேனே. அத்தனை பேர் முன்னாடி சொன்னேனே."

கண் நிறைந்துவிட்டது. தாங்க முடியவில்லை அவருக்கு. அலகை மடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் கையே நடுங்கியது. கத்தி ஆடியது.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்? போய் என்னன்னு சொல்லுவேன்?"

அம்மா சுளகைத் தள்ளி வைத்தார். விரலில் ஒட்டிய புளியை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். கத்தியைப் பிடித்திருந்த அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆட்டம் நின்றது.

"இப்ப நான் ஏதாவது சொன்னேனா?" என்றார் அம்மா.