நாற்பது டிகிரித் தோள்

டெக்ஸாஸில் ஒரு மாட்டுப் பண்ணை ஓரமாகத் துப்பாக்கிப் பட்டறை வைத்திருந்தார் உடுமலைப்பேட்டைக்காரர் ரெபேக்கா. கடைத் தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, தன் விருப்பப்படி அதற்கு வேறு உடம்பு கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவரிடம் சீடராகச் சேர்ந்த நாச்சிமுத்து அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கோயம்புத்தூரில் லேத் ஓட்டியவர். இரும்பே தன் பேச்சைக் கேட்கும் என்ற மிதப்பு அவருக்கு உண்டு. அதில் பாதி நியாயமானதும்கூட.

தோட்டாக் கூடு குறுகிக் கழுத்தாகும் இடத்துக்குத் தோள் என்று பெயர். மற்றவர்கள் அதைச் சரிவாக விடுவார்கள். நாச்சிமுத்துவுக்கு அது நாற்பது டிகிரியில் விறைப்பாக நிற்க வேண்டும். சனிக்கிழமை நடக்கும் குறி சுடும் போட்டியில் அந்தத் தோட்டாவால்தான் சுடுவேன் என்று துப்பாக்கிக் கிளப் முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டார்.

சுட்ட கூடெல்லாம் தோளில் விரிசல் விட்டு வந்தது. கோணத்தைக் குறைக்கச் சொல்லி அங்கே கேலி செய்யாதவர் இல்லை. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை உடைந்த கூடுகளை அள்ளி வந்து ரெபேக்காவின் மேசையில் கொட்டினார்.

"டீச்சர், எத்தனை டிகிரி வெக்கோணும்? நீங்களே சொல்லிப்போடுங்க."

"இதை அச்சுல எத்தனை தடவை அமுக்குனீங்கண்ணா?"

"ஒழுங்கா வர்ற வரைக்கும் அமுக்குனேனுங்க."

"நடுவுல தீயில காய்ச்சுனீங்களா?"

"எதுக்குங்க? லேத்துல நாங்க எதையும் காய்ச்சறதில்லீங்களே."

"லேத்துல வெட்டுறீங்க. இதை நசுக்குறீங்க. நசுக்க நசுக்கப் பித்தளை இறுகி விரிசல் விடும்."

அமுக்கி முடித்த கூடு ஒன்றை ரெபேக்கா எடுத்து, கழுத்தையும் தோளையும் மட்டும் தீயில் காட்டித் திருப்பினார். பித்தளை நிறம் மாறியது.

"இளகிப் போச்சுன்னா தோள் நிக்குங்களா?"

"சுட்டுப் பாருங்க."

கூடு ஆறியதும் மருந்தும் குண்டும் வைத்து நாச்சிமுத்துவே சுட்டார். துப்பாக்கியின் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தார். வெளியே விழுந்த கூட்டில் ஒரு கீறல் இல்லை. தோள் அவர் படத்தில் வரைந்தபடியே நின்றது. ஐம்பது வயதுக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மீதிக் கூடுகளை அன்றைக்கே தன் கையால் காய்ச்சி முடித்தார்.

சனிக்கிழமை அவர் குண்டுகள் ஒரே ஓட்டைக்குள் போய் விழுந்தன. ரெபேக்காவின் துப்பாக்கிக்கே இரண்டாம் இடம்தான். கேலி செய்தவர்கள் வந்து கை கொடுத்தார்கள். நாச்சிமுத்து அத்தனை கைகளையும் ஆசை தீரக் குலுக்கினார்.

புதுத் தோட்டா ஜெயித்தால் உருவாக்கியவர் பெயரைக் குழலில் பொறிப்பது அங்கே வழக்கம். ரெபேக்கா உளியை எடுத்தார்.

"உங்க பேரைப் போடுங்க டீச்சர். நீங்க காய்ச்சலீன்னா இது ஏதுங்க?"

"காய்ச்சறது இங்க எல்லாருக்கும் தெரியுங்கண்ணா."

"அப்புறம் ஏனுங்க கோணத்தைக் குறை, குறைன்னாங்க? நீங்க மட்டும் குறைன்னு ஒரு வார்த்தை சொல்லலையே?"

ரெபேக்கா உளியின் முனையைத் துடைத்தார்.

"குறைச்சிருந்தீங்கன்னா, இப்ப நான் யாரு பேரை வெட்டுறது?"